லீக் சாரின் மாடலிங் வேலை

மூடி என்று ஒன்று இருந்தால் அது என்றைக்காவது கசிந்தே தீரும் என்று லீக் சார் அளவுக்கு நம்பிய ஆள் திருவொற்றியூரில் மட்டுமல்ல, இந்த உலகத்திலேயே கிடையாது. இருந்தால் தயவுசெய்து அவருக்கு வீடு வாடகைக்கு விடாதீர்கள்.

இரண்டாயிரமாம் ஆண்டு தாண்டிய புதிதில் அவர் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். நாற்பதைத் தொடும் பிரம்மச்சாரி; வழுக்கை, தொப்பை, மடித்துக் கட்டிய லுங்கி. ஆலைப் புகையில் இருக்கிற கரியமில வாயுவைப் பிடித்து, பூமிக்கடியில் பாறைக்குக் கீழே அமுக்கி வைத்தால் அது சமர்த்தாக அங்கேயே கிடக்குமா, இல்லை கசிந்து மேலே வருமா என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதுதான் அவர் வேலை. அதற்கு மாடலிங் என்று பெயராம். "மாடலிங் பண்றேன்" என்று அவர் சொன்னால், கேட்டவர்கள் தொப்பையை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள்.

அவர் கணக்குப்படி பாறை துரோகம் செய்யாது. யாரோ தோண்டிவிட்டு மறந்துபோன பழைய போர்வெல் குழாய்கள்தான் காலை வாரிவிடும். இந்தப் பயம் முற்றிப்போய், தெருமுனையில் தலையும் கைப்பிடியும் இல்லாமல் நின்ற ஓர் அடிபம்பில் ஒரு சட்டி சிமெண்டைக் குழைத்து ஊற்றி அடைத்தேவிட்டார். குடத்தோடு வந்தார் கீழ் வீட்டு தேசம்மா அக்கா. மீன் வியாபாரம், குரல் காசிமேடு வரை கேட்கும்.

"யோவ் சாரு! பம்பு ரிப்பேருக்குப் போயிகீதுய்யா! சிமிட்டிய ஊத்தி வெச்சிக்கீறியே, தண்ணிக்கு உங்கப்பன் வூட்டுக்கா போறது?"

"இல்லம்மா, கேஸ் லீக் ஆயிடக் கூடாதுன்னு..."

"இன்னிக்கி உன் உசுரு லீக் ஆவும் பாரு!"

அதே அக்காதான் பிறகு, "இந்தாள இப்டியே வுட்டா தெருவையே பூசி மூடிடுவான்" என்று அவருக்குப் பெண் பார்க்கக் கிளம்பினார். சாருக்கும் ஆசைதான். பார்த்த இடமெல்லாம் தட்டிப்போயிருந்தது. "இதுவும் போச்சுன்னா விட்டுடுவேன் சார்" என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

எம்.கே.பி. நகரில் ஒரு டீச்சர். மாப்பிள்ளை மாடலிங்கில் இருப்பதாக அக்கா அளந்துவிட்டதில், பெண்ணே தாய்மாமனை அழைத்துக்கொண்டு நேரில் பார்க்க வந்துவிட்டார். மாமன் சாரை மேலும் கீழும் பார்த்தார்.

"மாடலிங்குன்னாங்கோ. எந்த வெளம்பரத்துல வர்றே நைனா?"

"நான் வர மாட்டேங்க. கேஸ்தான் வரும். பூமிக்கு அடியிலேர்ந்து."

மாமன் கேசரித் தட்டைக் கீழே வைத்தார். போச்சு, இதுவும் போச்சு என்று நான் நினைத்த நொடியில், பல நாளாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் கூவியது. சார் பாய்ந்து போய்ப் பார்த்தார். திரையில் ஒரு சிவப்புப் புள்ளி. அவ்வளவுதான், லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்தார்.

"லீக் ஆயிடுச்சி! லீக் ஆயிடுச்சி!"

சுற்றிலும் ஆலைகள் இருக்கிற எங்கள் பக்கத்தில், அந்த வார்த்தை காதில் விழுந்தால் ஏன், எது என்று கேட்கிற வழக்கம் கிடையாது. மூக்கில் ஈரத்துணி, காலில் ஓட்டம். தெருவே காலியானது. அவசரத்தில் மீன் கூடைத் துணியை மூக்கில் கட்டிக்கொண்ட தேசம்மா அக்காவுக்கு அதனாலேயே மயக்கம் வந்தது. மாமன் கீழே வைத்த கேசரியை மறக்காமல் எடுத்துக்கொண்டு ஓடினார். பாதிப் படியில்தான் எனக்குச் சந்தேகம் தட்டி, திரும்பி ஏறினேன்.

டீச்சர் மட்டும் நகரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊரே ஓடுது. நீங்க இன்னாத்துக்குக் குதிக்கிறீங்கோ?"

"எந்தப் பழைய போர்வெல் வழியா வரும்னு தெரிஞ்சிடுச்சிங்க! அத மொதல்லயே அடைச்சிட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"எப்போ லீக் ஆவுமாம்?"

"ஆயிரம் வருஷம் கழிச்சி."

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்போ டைம் கீது. அதுக்குள்ளாற கல்யாணத்த முடிச்சிக்கலாம்."

மாமன் ரயில்வே கேட்டைத் தாண்டிவிட்டதால், அவர் சம்மதம் கிடைக்கத்தான் கொஞ்சம் தாமதமானது.

அன்றைக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்த எங்களைப் பற்றியே யாரும் கவலைப்படாத தெரு அது. அங்கே உட்கார்ந்துகொண்டு, ஆயிரம் வருஷம் கழித்துப் பிறக்கப்போகிற யாரோ ஒரு குழந்தைக்காகச் சோறு தண்ணி மறந்து கிடந்தார் அந்த மனுஷர். புதுப்பெண்டாட்டியோடு அவர் வீடு மாறிப் போன அன்று, தேசம்மா அக்கா அழுததைப் பார்த்து நானும் அழுதுவிட்டேன்.