விடைநாட்டின் திருத்த முரசு

வரைபடம் எழுதுகிறவர்கள் கை ஓய்ந்து வெறுமனே விட்ட ஒரு மூலையில் விடைநாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே ஒரு பழைய ராஜா. குளம் ஏன் வற்றியது என்று கேட்டால் மேலே பார்ப்பார். வரி ஏன் ஏறியது என்று கேட்டால் கீழே பார்ப்பார். ஜனங்களுக்குச் சலித்துப்போயிற்று. அந்தச் சமயம் பார்த்து ஒருவர் சந்தை மேடையில் ஏறி, "எதை வேண்டுமானாலும் கேளுங்கள்" என்றார். வாழை மரமா என்று கேட்டார்கள். மரமே இல்லை, அது கட்டை பிடிக்காத பெரிய செடி வகை என்றார். கெட்டுப்போகாத உணவு எது என்றார்கள், தேன் என்றார். மிளகாய் எந்த ஊர்ச் சரக்கு என்றார்கள். கடல் கடந்து கப்பலில் வந்தது என்றார். அடேயப்பா, ராஜா என்றால் இவரல்லவோ ராஜா என்று கூட்டம் அவரைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சிம்மாசனத்தில் இறக்கிவிட்டது. குளத்தைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை என்பது எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

கேட்கலாம் என்று மறுநாள் போனவர்களுக்கு முதல் சட்டம் காத்திருந்தது. எல்லாம் அறிந்த மன்னர் ஆளும் நாட்டில் குடிமக்கள் கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே இனி கேள்வி கேட்கும் உரிமை அரண்மனைக்கு மட்டுமே, பதில் சொல்லும் பாக்கியம் மக்களுக்கு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலும் உண்டு. சிறந்த மன்னர் யார் என்பது கேள்வி. விடைகள் நான்கு. நான்கும் புது மன்னர் சர்வஞான பூபதியின் பட்டப்பெயர்கள்தான், பிடித்ததைத் தேர்ந்துகொள்ளலாம்.

ஜனங்களும் பழகிக்கொண்டார்கள். எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானாலும் தப்பாகவோ சரியாகவோ ஒன்றைச் சொல்லிவிட்டு, எதிராளி திருத்தட்டும் என்று காத்திருப்பார்கள். "சாப்பிட்டிருப்பீங்க" என்றால் "இல்ல, இனிமேதான்" என்று பதில் வரும். "உங்க மக ஊர்ல இருந்து வந்திருப்பா" என்றால் "வரல, வெள்ளிக்கிழமைதான்" என்பார்கள். பெண் பார்க்கும் வீட்டில்கூட "பொண்ணுக்குப் பாடத் தெரியாது" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி, பெண் வீட்டாருக்கு ரோஷம் வந்து, பாட்டு நடக்கும்.

ரேஷன் கடையில் அரிசி வாங்க ஒரு பொது அறிவுக் கேள்வி. ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க இன்னொன்று. இதோடு நின்றிருந்தால் எப்படியோ மனப்பாடம் பண்ணிப் பிழைத்திருப்பார்கள். ஆனால் விடைகள் மாறத் தொடங்கின. தக்காளி காய் இல்லை, பழம் என்று அறிவித்தார்கள். அது உண்மைதானே என்று படித்தவர்கள் தலையாட்டினார்கள். அடுத்த வாரம் பழ வரி வந்தது, ஏழை வீட்டு ரசத்தில் தக்காளி இல்லாமல் போயிற்று. மிளகாய் வெளிநாட்டுச் சரக்கு என்று நேற்றுவரை சொன்னவர்கள் தேசத்துரோகிகள் ஆனார்கள், ஏனெனில் மிளகாய் விடைநாட்டு மண்ணில்தான் பிறந்தது என்று திடீரென்று தெரியவந்தது. தேனும் கெட்டுப்போகும் என்று ஒருநாள் திருத்தினார்கள். அரண்மனைக் கிடங்கின் தேன் புளித்துப்போயிருந்தது. அதில் வெல்லப்பாகு கலந்து விற்றவர் விடை அமைச்சரின் மைத்துனர்.

இந்தத் திருத்தங்களை எல்லாம் விடியற்காலையில் முரசு அடித்துச் சொல்லிவிடுவார்கள். கேட்காதவர் பாடு அதோகதி.

ஆவுடையின் வீட்டுக்காரர் சொரிமுத்து கேட்காதவர். டீக்கடை நடத்துகிறவர், பொது அறிவில் பெரிய பைத்தியம். டீ ஆற்றிக்கொண்டே வாடிக்கையாளர்களிடம் தேனீக்குக் கண் ஐந்து என்பார், ஒட்டகத் திமிலில் இருப்பது தண்ணீர் இல்லை, கொழுப்பு என்பார். அன்றைக்கு முரசு தெருவைத் தாண்டும்போது அவர் கிணற்றடியில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். குளித்து முடித்து, திருநீறு பூசி, பையை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனார். ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் என்று கேட்டார்கள். மனிதர் முகமெல்லாம் சிரிப்பாக, "மூணு" என்றார்.

அன்று காலையிலிருந்து ஒன்றுதான். "ஒரே உடம்பில் மூன்று இதயம் என்றால், ஒன்று மன்னருக்கு, ஒன்று வீட்டுக்கு, மூன்றாவது யாருக்கு என்ற ஐயம் எழுகிறது" என்று விடை அமைச்சர் சபையில் விளக்கியிருந்தார். சொரிமுத்துவை, தப்பு விடை சொன்னவர்களை அடைத்துவைக்கும் திருத்தல் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். பை மட்டும் வீட்டுக்கு வந்தது.

அன்றிலிருந்து ஆவுடைக்குச் சோறு இறங்கவில்லை. கூடத்தில் இருப்பவரின் உறவினர் ஒருவர், சபையில் ஒரே ஒரு கேள்விக்குச் சரியான விடை சொன்னால், கைதி விடுதலை. தப்பாகச் சொன்னால் சொன்னவரும் உள்ளே. அப்படித்தான் சட்டம். அவள் சபையில் விடை சொல்ல நாள் வாங்கிவந்தாள். வாங்கிவந்ததிலிருந்து உப்பை இரண்டு தடவை போட்டாள், பாலைப் பொங்கவிட்டாள்.

அந்த நாள் காலையில் பக்கத்து வீட்டுச் செல்லக்கனி அவளுடன் வாசலில் நின்று முரசு கேட்டாள். வாழை இனி மரம். யானைக்கு ஞாபக சக்தி கிடையாது. கடைசியாக ஒன்று: திருத்தல் கூடத்தில் எவரும் இல்லை.

"ஏட்டி, எல்லாரையும் விட்டுட்டாக போல" என்றாள் செல்லக்கனி. "உங்க வீட்டுக்காரரு இந்நேரம் வந்துக்கிட்டு இருப்பாக."

ஆவுடை தெருக்கோடி வரை பார்த்தாள். யாரும் வரவில்லை. "எனக்கு என்னமோ சரியாப் படல யக்கா" என்றாள். "அவுகள விட்டா நேரா வீட்டுக்குத்தான் வருவாக. வழியில நின்னு பேசுத ஆள்தான், ஆனா இன்னைக்கு நிக்க மாட்டாக."

சபையில் கூட்டம். செல்லக்கனி முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தாள். வினா ஓதும் அதிகாரி தாண்டவராயர் பட்டுத் துண்டைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்தார். மரியாதை தெரிந்த மனிதர், யாரையும் ஒருமையில் பேச மாட்டார்.

"அம்மா, பதற வேண்டாம். தண்ணீர் வேண்டுமானால் அருந்துங்கள். மாட்சிமை பொருந்திய மன்னரின் கருணையால் உங்களுக்கு மிக எளிய கேள்வி வந்திருக்கிறது. சொரிமுத்து என்பவர் யார்? அ, பண்டைய மன்னர். ஆ, ஒரு நெல் ரகம். இ, இந்தப் பெண்மணியின் கணவர். ஈ, அப்படி ஒருவர் இல்லை."

சபை நிம்மதிப் பெருமூச்சு விட்டது. கூடத்தில் எவரும் இல்லை என்று காலையில்தான் முரசு சொல்லியிருக்கிறது. கூடத்தில் எவரும் இல்லை என்றால் அங்கே இருக்கும் சொரிமுத்துவும் இல்லை. பச்சைப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். "ஈ, ஈ" என்று பின்னாலிருந்து நல்ல மனதோடு முணுமுணுத்தார்கள். செல்லக்கனி முந்தானைக்குள் கையை மறைத்து நாலு விரலைக் காட்டினாள்.

ஆவுடைக்கும் தெரியும். ஈ என்று சொன்னால் அவர் வந்துவிடுவார். வந்து, திரும்பவும் டீ ஆற்றுவார். ஆனால் இல்லாத ஆளுக்கு ரேஷன் கிடையாது, மருந்து கிடையாது. நாளைக்கே யாராவது அவரைக் கூட்டிக்கொண்டு போனால், யாரைக் காணோம் என்று அவள் போய் நிற்க முடியாது. அப்படி ஒருவர் இல்லை என்று அவளே சபையில் சொல்லியிருப்பாள். அதையும் மீறி, உயிரோடு வந்தால் போதும் என்று வாயைத் திறந்தாள். திறந்த வாயில் அந்தச் சொல் வரவே இல்லை. அவருக்குச் சோறு போட்ட கை, அவரோடு சண்டை போட்ட வாய்; அதை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நேரம் ஆகிறது அம்மா" என்றார் தாண்டவராயர் கனிவாக. "சரியான விடை உங்களுக்குத் தெரியும் என்பது உங்கள் முகத்திலேயே தெரிகிறது."

"இ" என்றாள் ஆவுடை. "எம் வீட்டுக்காரரு."

தவறான விடைக்கான மணி அடித்தது. செல்லக்கனி தலையில் கைவைத்துக்கொண்டாள். அதோடு விட்டிருக்கலாம், ஆவுடைக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"அவுகள எங்க வச்சிருக்கீக?" என்று கேட்டாள்.

ஒரு குடிமகள் கேள்வி கேட்டு அங்கே பலருக்கு நேரில் பார்த்த பழக்கமே கிடையாது. தாண்டவராயர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இந்த வினாவுக்குத் தெரிவு விடைகள் வழங்கப்படவில்லை. ஆகவே இது வினா ஆகாது" என்று பதிவு செய்யச் சொல்லி, அவளை உள்ளே அனுப்பினார்.

எவரும் இல்லாத திருத்தல் கூடத்தில் உட்கார இடம் இல்லை. சுவர் ஓரமாக எல்லாம் மனிதர்கள், மிளகாய் வியாபாரிகள், வாழைக்காய் விற்கிறவர்கள், ஒரு கல்யாணக் கோஷ்டி. ஆவுடை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அவர் இல்லை.

"சொரிமுத்துன்னு ஒருத்தரு, டீக்கடைக்காரரு, இங்கதான் இருக்காரு" என்றாள் காவலாளியிடம்.

"இருந்தாரும்மா" என்றான் காவலாளி. நல்லவன், அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. "இப்பதான் அந்தப் பக்கத்து வாசல் வழியா விட்டோம். உள்ள இருக்கவங்களுக்கும் ஒரு கேள்வி உண்டுல்லா. ஆவுடை என்பவர் யார்னு கேட்டாக. மனுசன் ரொம்ப நேரம் அழுதாரு. தப்பாச் சொன்னா ஆயுசுக்கும் இங்கதான்னு நான்தான் எடுத்துச் சொன்னேன். வீட்டுக்குப் போகணும், அவ ஒத்தையில இருப்பான்னு பொலம்பிட்டு, கடைசில சரியாச் சொல்லிட்டாரு. அப்படி ஒருத்தி இல்லன்னு."

ஆவுடை கம்பிச் சன்னலுக்கு ஓடினாள். கீழே தெருவில் அவர் போய்க்கொண்டிருந்தார். தோளில் சரியான விடைக்குக் கொடுத்த அரிசிப் பை. இளைத்துப்போயிருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கூப்பிட்டால் திரும்புவார். திரும்பிப் பார்த்து, அவளைத் தெரிந்துகொண்டுவிட்டால், சொன்ன விடை தப்பாகிவிடும். அவள் முந்தானையை உருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

அவர் பூக்காரியின் முன்னால் நின்று, இரண்டு முழம் பிச்சிப்பூ கேட்டார். அவள் அளந்து, கிள்ளி, இலையில் வைத்துக் கட்டினாள்.

"வீட்டுக்காரிக்குத்தான் இருக்கும்" என்றாள் பூக்காரி.

சொரிமுத்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இல்லம்மா" என்றார். "சாமிக்கு."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, வீட்டுப் பக்கம் வேகமாக நடந்தார்.