கோட்டுக்கு வெளியே ஒரு கோல்கீப்பர்

விசில் ஊத ஆள் இல்லை. மற்றபடி எல்லாம் தயார்.

பேக்கரி அணி ஒரு பக்கம் நின்று கொட்டாவி விட்டது. மெக்கானிக் ஷெட் அணி மறுபக்கம் நின்று அந்தக் கொட்டாவியைத் திருப்பி விட்டது. பார்வையாளர் கூட்டம் மொத்தமும் தவித்துக்கொண்டிருந்தது. மொத்தக் கூட்டம் என்பது கண்ணாடிக்கடைக்காரர் ஒருவர்தான்.

மூக்குக்கண்ணாடி விற்பது அவர் பிழைப்பு. இதுவரை கால் வைக்காத கால்பந்து மைதானமாகத் தேடிப் போய் ஆட்டம் பார்ப்பது அவர் பைத்தியம். பெரிய ஸ்டேடியமா, குப்பைமேட்டுப் பொட்டலா என்ற பேதமெல்லாம் கிடையாது. புதுசாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தப் பைத்தியம் மனைவியின் தம்பிக்கும் தொற்றிக்கொண்டதுதான் வினை. யார் முதலில் நூறு மைதானம் பார்க்கிறாரோ, அவரை மற்றவர் ஆயுசுக்கும் 'தலைவரே' என்றுதான் கூப்பிட வேண்டும். கல்யாண வீட்டிலும் சரி, ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் சரி.

இருவரும் தொண்ணூற்றொன்பதில் நின்றார்கள். மச்சான் நாளைக் காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டான்.

போட்டிக்கு விதி இரண்டே இரண்டு. முதல் விசிலிலிருந்து கடைசி விசில்வரை முழு ஆட்டமும் நடக்க வேண்டும். பார்க்கிறவர் கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைக்கக் கூடாது. வைத்தால் அந்த மைதானம் கணக்கில் சேராது.

கிளம்பும்போதே வீட்டில் ஒரு சுற்று நடந்திருந்தது.

"வானம் மூட்டமா இருக்கு. குடை எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லலாம்னா, குடை எங்க?" என்றாள் மனைவி.

"உன் தம்பியக் கேளு. ரெண்டு வருஷமா கேட்டுட்டிருக்கேன், அமுக்கினவன் வாயே தெறக்க மாட்டேங்கறான்."

"தொலையக் கூடாதுன்னுதானே பிடியில செவப்பு நூல் சுத்திக் குடுத்தேன்? நீங்கதான் எங்கயாவது மறந்து வெச்சிருப்பீங்க."

"நானா? ஒரு தடவை பார்த்த மைதானத்தைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். என்னைப் பார்த்து மறதிங்கறே!"

மைதானத்து வாசலில் புதுப் பெயர்ப்பலகை. பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. கேள்விப்படாத பெயர். பூரிப்பில் தடவிப் பார்த்ததில் விரலெல்லாம் நீலம். வாசலையொட்டிய டீக்கடை அக்கா அவரையே உற்றுப் பார்த்தாள்.

"சார், கொஞ்சம் நில்லுங்க. உங்ககிட்ட ஒண்ணு..."

கண் சுருக்கிப் பார்ப்பவர்கள் எல்லோரும் கண்ணாடிக்கு அளவு கேட்கத்தான் வருகிறார்கள் என்பது அவர் அனுபவம். "ஆட்டம் முடியட்டும்மா, சாவகாசமா பார்த்துத் தர்றேன்" என்று நடையைக் கட்டினார்.

இப்போது விசில் ஊதத்தான் ஆள் இல்லை.

"ரெஃப்ரி யாரு?" என்று பேக்கரி கேப்டனைக் கேட்டார்.

"எதிர்த்தெரு சலூன்காரர். கையில கஸ்டமர் மாட்டிக்கிட்டாராம். இன்னிக்கு வேணாம்னு விட்டுடலாம் சார். எனக்கு விடியக்காலை அடுப்பு பத்த வைக்கணும்."

விட்டுவிடுவதா! கண்ணாடிக்கடைக்காரர் ஓடினார். அவர் ஓடி ஊர் பார்த்ததில்லை. சலூன்காரர் கையைப் பிடித்துக் கத்தியோடு அப்படியே இழுத்து வந்தார். அவருக்குப் பின்னால், கழுத்தில் வெள்ளைத் துணியும் இடது கன்னத்தில் சோப்பு நுரையுமாக அந்த வாடிக்கையாளரும் வந்தார்.

"பாதி மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் எங்க போறது? முடியற வரைக்கும் இங்கயேதான் நிப்பேன்!"

விசில் ஊதியது. ஆட்டம் தொடங்கியது. கூட்டம் இரட்டிப்பானது.

ஆனால் பாதிமுகம் சும்மா நிற்கவில்லை. "ஆஃப்சைடு தெரியல, இவருக்குக் கிருதா எப்படித் தெரியும்?" என்றார். "விசிலப் புடிக்கற கையப் பாருங்கய்யா, இந்தக் கையிலயா என் கழுத்தைக் குடுத்தேன்!" என்றார். சலூன்காரர் முகம் சிவக்கச் சிவக்க, எங்கே விசிலை வீசிவிட்டுப் போய்விடுவாரோ என்று கண்ணாடிக்கடைக்காரர் அவசரமாகக் குறுக்கே புகுந்தார். சமாதானமாகத் தன் மடக்கு ஸ்டூலைப் பாதிமுகத்துக்குக் கொடுத்தார். தொண்டைக்கு மிட்டாயும் கொடுத்தார்.

உட்கார்ந்த சுகத்திலும் மிட்டாய் இனிப்பிலும் பாதிமுகத்தின் குரல் பக்கத்து ஊருக்கே கேட்கும்படி கூடியது.

"யோவ் ரெஃப்ரி! மீதி மீசையாவது மிஞ்சுமா?"

பேக்கரி அணியின் கோல்கீப்பர் விழுந்து விழுந்து சிரித்தார். சலூன்காரருக்கு அதுதான் பொறுக்கவில்லை. சிவப்பு அட்டையைத் தேடிப் பையைத் துழாவினார். அகப்பட்டது சிவப்புச் சீப்பு. அதையே வானத்தை நோக்கி உயர்த்தினார்.

"வெளிய போ!"

"சீப்பக் காட்டி வெளிய அனுப்பறீங்களே, நியாயமா?"

"செவப்பா இருக்கில்ல? போ!"

பேக்கரி அணி வந்திருந்ததே ஏழு பேர். ஏழுக்குக் குறைந்தால் ஆட்டம் செல்லாது என்றார் சலூன்காரர். "நல்லதாப் போச்சு" என்று கேப்டன் ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார்.

"கழட்டாதீங்க!" கண்ணாடிக்கடைக்காரர் பாதிமுகத்திடம் ஓடினார். "நீங்க போய் கோல்ல நில்லுங்க சார், புண்ணியமாப் போகும்."

"இந்த மூஞ்சியோடவா? நாளைக்கு எனக்குப் பொண்ணு பார்க்கப் போறாங்கய்யா!"

வேறு வழியில்லை. உள்ளே போனால் மைதானம் கணக்கில் சேராது. போகாவிட்டால் ஆட்டமே சேராது. நாளை ரயிலில் ஏறப்போகும் மச்சானின் சிரித்த முகம் கண்முன் வந்து நின்றது. கண்ணாடிக்கடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போய், கோல் கோட்டுக்கும் வலைக்கும் நடுவே நின்றுகொண்டார். கால் கட்டைவிரல்கூடக் கோட்டில் படவில்லை.

"நான்தான் கீப்பர். நடக்கட்டும்!"

சலூன்காரர் தலையைச் சொறிந்தார். கீப்பர் கோட்டுக்கு வெளியே நிற்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஊதினார்.

அன்று அவர் பந்து பிடித்ததைப் போல உலகத்தில் எவனும் பிடித்ததில்லை. தாவினார், புரண்டார், கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் பறந்தார். வந்த பந்து ஒன்றைக்கூட வலையில் பட விடவில்லை. ஆனால் பிடித்த அத்தனையும் கோட்டைத் தாண்டிய பிறகு பிடித்தது. அத்தனையும் கோல்.

"அடாடா, என்னா புடி!" என்று எழுந்து நின்று கைதட்டினார் பாதிமுகம். "ஒம்பது!"

"சார், ஒரே ஒரு அடி முன்னாடி வந்து புடிச்சா என்ன சார்?" கேப்டன் அழாத குறை.

"அது மட்டும் முடியாதுங்க. கொள்கை."

"நாங்க கேவலமாத் தோத்துட்டிருக்கோம்!"

"தோல்விய முழுசா முடிங்க. பாதியில விடாதீங்க."

மெக்கானிக்குகள் அடித்து அடித்து அலுத்துப் போனார்கள். பத்தொன்பதுக்கு அப்புறம் யாரும் எண்ணவில்லை. ஒருவழியாகக் கடைசி விசிலும் ஊதியது. பேக்கரி அணி அவரைப் பார்த்த பார்வையில் மாவு இருந்தால் கருகியிருக்கும். சலூன்காரர் மைதான நடுவிலேயே பாதிமுகத்தை உட்காரவைத்து மீதிக் கன்னத்தை வழிக்கத் தொடங்கினார்.

கண்ணாடிக்கடைக்காரருக்கு எதுவும் கண்ணில் படவில்லை. வாசல் பெஞ்சில் சாய்ந்து, ஊருக்கே கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான்! நூறு! இனிமே என்னை எப்படிக் கூப்பிடணும்?"

நெடிய பெருமூச்சு ஒன்று கேட்டது. "...தலைவரே."

"சத்தமா!"

"தலைவரே!"

"நாளைக்கு ரயில் டிக்கெட்ட கேன்சல் பண்ணு. அப்படியே அந்தக் குடையையும் கொண்டுவந்து குடுத்துடு."

"சத்தியமா நான் எடுக்கல மா... தலைவரே."

"திருடன் என்னிக்கு ஒத்துக்கிட்டான்?"

அப்போது டீக்கடை அக்கா கடைக்குள்ளிருந்து வந்தாள். அவள் கையில் நீளமாக ஏதோ இருந்தது. அதன் பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது.

"வந்ததுலேர்ந்து கூப்பிடறேன், காதுலயே வாங்க மாட்டேங்கறீங்க. ரெண்டு வருஷம் முந்தி, இந்த மைதானத்துக்குப் பேர் மாத்தறதுக்கு முன்னாடி, கொட்டற மழையில முழு மேட்ச்சும் பார்த்துட்டு என் கடையில விட்டுட்டுப் போனீங்களே, இந்தாங்க சார் உங்க குடை."