ஷிராஸ் அண்ணாச்சியின் பாட்டில்

செல்வி, பாபு, தமிழை நீங்கள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை, மெதுவாகப் படியுங்கள். போன வாரம் பாபு ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலைக் கொடுத்து, "படுக்க வச்சிருங்கப்பா, அதான் முறை" என்று சொல்லிவிட்டுப் போனான். அதன் மேல் 'ஷிராஸ்' என்று இருந்தது. எனக்கு ஒரு மனிதர் ஞாபகம் வந்துவிட்டார்.

ஒரு சொட்டுக்கூட ஊற்றாமல் கல்கத்தா துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூர் முழுவதையும் ஒயின் குடிக்க வைத்தவர் இந்த உலகத்திலேயே ஷிராஸ் அண்ணாச்சி ஒருவர்தான். எழுபதுகளில் எங்களுக்கு அடுத்த வீடு. கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் குமாஸ்தா. ஓர் ஆஸ்திரேலியக் கப்பலின் கேப்டன் அவரை உட்கார வைத்து ஆட்டுக்கறியும் ஷிராஸும் கொடுத்து, ஒரு பாட்டிலையும் கையில் கொடுத்தனுப்பினாராம். அன்றோடு மனிதர் கெட்டார்.

பாட்டிலைத் திறக்க மாட்டார். ஆனால் ருசி தெரியாமல் யாரையும் விட மாட்டார். வழியில் மடக்கி, சட்டைப் பையிலிருந்து ஒரு நாவல்பழம், ஒரு துண்டுப் பாக்கு, ரெண்டு மிளகு எடுத்துத் தருவார்.

"மொதல்ல பழம். அப்புறம் துவர்ப்பு. கடைசில தொண்டைல மிளகு. மென்னாச்சா? நீரு ஷிராஸ் குடிச்சாச்சு வே, வீட்டுக்குப் போம்!"

எந்தச் சாப்பாட்டைப் பார்த்தாலும் தீர்ப்புதான். "ரசமா? அதுல மிளகு, இதுல மிளகு, ரெண்டும் அடிச்சுக்கும்." "ரசகுல்லாவா? இனிப்பு பக்கத்துல வந்தா ஷிராஸ் கஷாயமாயிரும்." எதிர்வீட்டுப் பெங்காலி அண்ணி, பௌதி, ஆசையாக இலிஷ் மீன் குழம்பு கொண்டுவந்தால், "சோல்பே நா, ஆகாது பௌதி! மீனோட குடிச்சா வாயில இரும்பு ருசி" என்று கையை விரிப்பார். "பாட்டிலே தெறக்கல, இதுல மீன் ஆகாதாம்!" என்று பௌதி பெங்காலியில் வைதுகொண்டே கிண்ணத்தோடு திரும்பிப் போவாள். கொழுப்புள்ள ஆட்டுக்கறி மிளகு வறுவல் ஒன்றுதான் அவர் சம்மதித்த ஜோடி.

அந்த ஜோடி சேரவேண்டிய நாளும் அவர் மனதில் இருந்தது. அண்ணாச்சியின் மனைவி மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்துதான் போய்ச் சேர்ந்தார். "அம்மா கெடக்கும்போது நீங்க கப்பல் கப்பலா ஏறிட்டிருந்தீங்க" என்று சண்டை போட்டு, மகன் முரளி பம்பாய் போய்விட்டான். அங்கே ஹோட்டல் வேலை. அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற அன்றைக்குத்தான் பாட்டில் திறக்கும்.

அதுவரை பாட்டில் அடுப்புக்கு மேல் அலமாரியில் நின்றது. கப்பல்காரர்கள் எத்தனையோ முறை சொன்னார்கள், படுக்க வை என்று. கேட்கவே இல்லை.

"பையனும் வரல, பாட்டிலும் தெறக்கல" என்று எங்கள் லைன் வீடுகளே சிரித்துக் களைத்துப்போன பிறகு ஒரு நாள் முரளி வந்தான். கறி வாங்கிக் கொடுத்தவன் நான் என்பதால் எனக்கும் ஓர் இலை. அண்ணாச்சி புதுவேட்டி கட்டிக்கொண்டு கார்க்கைப் பிடுங்கினார். அது தூளாக உதிர்ந்தது.

முரளி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான். "வினிகர்ப்பா இது. நிக்க வச்சா கார்க் காஞ்சு காத்து பூந்துரும். யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க."

"அப்புறம்?"

"உங்கம்மா படுத்துக் கெடந்தது போதும்னு இருந்துச்சுல. இந்த வீட்ல இன்னொண்ணு படுக்கணுமா?"

முரளி டம்ளரை அவர் பக்கம் தள்ளி வைத்தான். பிறகு, "அம்மா பக்கத்துல ஒரு நாள் நிக்கல. பாட்டிலை நிக்க வச்சீங்களாக்கும்" என்று சொல்லிவிட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான். அவனை அண்ணாச்சி மறுபடி பார்க்கவில்லை.

அவன் வைத்துவிட்டுப் போன டம்ளரை அண்ணாச்சி எடுத்து, முழுவதையும் குடித்தார். கண்ணில் தண்ணீர்.

"மிளகு நல்லாத் தெரியுது வே" என்றார்.

பாபு, நீ சொன்னபடியே பாட்டிலைப் படுக்கத்தான் வைத்திருந்தேன். நேற்று உங்கள் அம்மா கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம் அதை எடுத்து, தூசி துடைத்து, அலமாரியில் நிமிர்த்தி நிற்க வைத்தேன். கார்க் காய்வதற்குள் ரெண்டு பேரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.