மூன்றாவது தொட்டி

தொட்டிக்குள் குந்தி உட்கார்ந்து அடிப்பாகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த பரிசோதகருக்கு, வெளியே போன் அடிப்பது கேட்டது. அவசரமாக எழுந்ததில் விளிம்பில் 'ணங்'கென்று தலை இடித்தது.

"அப்பா, தண்ணி சரியாயிடுச்சா?" என்றாள் மகள்.

"அதுக்குள்ளதாம்மா உட்கார்ந்திருக்கேன்."

"போன தடவை அங்க வந்துட்டுப் போய் குழந்தைக்கு நாலு நாள் வயித்துப்போக்கு. டாக்டர் தண்ணியைத்தான் சொன்னார். சனிக்கிழமை வரணும்னு ஆசையாத்தான் இருக்கு. ஆனா தண்ணி சரியானாத்தான் வருவேன். அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது."

பேத்திக்கு இப்போதுதான் முதல் பல் எட்டிப் பார்த்திருந்தது. போட்டோவில் பார்த்துப் பார்த்து பரிசோதகருக்கு அலுத்துவிட்டது. நேரில் பார்க்காவிட்டால் என்ன தாத்தா?

"சனிக்கிழமை வா. வெள்ளி டம்ளர்ல ஊத்தினா டம்ளர் வெட்கப்படும், அப்படித் தண்ணி தர்றேன்" என்று சபதம் போட்டுவிட்டு மறுபடி உள்ளே இறங்கினார்.

முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இந்த ஆறு வீட்டுக் கட்டடத்தில் மூன்றாம் நம்பர் வீட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகிறது. மொட்டை மாடியில் வீட்டுக்கு ஒன்றாக ஆறு கறுப்புத் தொட்டிகள், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. பரிசோதகர் மாடிக் கதவைத் திறந்ததும் அங்கிருந்தே ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் நீட்டி எண்ணிக்கொண்டு போய், தொட்டியைத் தட்டிப் பார்த்து இறங்கியிருந்தார். பெட்டிக்குள் ஏறியதும் இருக்கையை எண்ணுகிற பழக்கம் கையை விட்டுப் போகுமா?

பிளம்பரைக் கூப்பிடலாம் என்று மனைவி சொல்லத்தான் செய்தாள். அவனும் போனில், "சனிக்கிழமை காலையில வந்து பார்க்கறேன் சார், அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க" என்றான்.

"தொட்டி கழுவறதுக்கு ஒரு பிளம்பரா? நீ வர்றதுக்குள்ள நானே முடிச்சிடுவேன்" என்று இவர் போனை வைத்துவிட்டார்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை, அதுவும் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வருகிற ஊர் அது. தொட்டி நிறைய இருந்த தண்ணீரை இவர் மாடியில் கொட்டியதைப் பார்த்து ஐந்தாம் வீட்டு அம்மாள் வயிற்றில் அடித்துக்கொண்டாள். பரிசோதகர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் புதுத் தண்ணீர் ஏறியதும் மனைவியை அழைத்துக் குழாயைத் திறந்து காட்டினார்.

தண்ணீர் மஞ்சளாக வந்தது. கூடவே டம்ளரில் ஒரு குட்டி இறகு மிதந்தது.

"சட்டியில இருந்தாதான் அகப்பையில வரும்னு சொல்வாங்க. நீங்க சட்டியை வழிச்சுக் கழுவியும் அகப்பையில சேறுதான் வருது!" என்றாள் மனைவி.

"குழாய்க்குள்ள தேங்கினதுடி. போகப் போகச் சரியாயிடும்."

போகப் போக நாற்றம்தான் கூடியது. பொறுமை இழந்த பரிசோதகர், புதன்கிழமை குடிநீர் லாரி ஒன்றைப் பிடித்து, மூன்று மாடிக்கு ஹோஸ் இழுத்து, தொட்டி வழிய வழிய ஊற்றினார். குளோரின் மாத்திரையும் அளந்து போட்டார். கீழே வந்து குழாயைத் திறந்தால் அதே மஞ்சள்! அதுவும் நூல் மாதிரி.

எதிர்வீட்டில், நாலாம் நம்பர் டீச்சர் வீட்டில் மட்டும் குழாய் அருவி மாதிரி கொட்டுகிற சத்தம். திரைச்சீலைகள் துவைக்கப்பட்டன. மிதியடி துவைக்கப்பட்டது. பால்கனிச் செடிகள் குளித்தன.

பரிசோதகரின் மூக்கு விடைத்தது. டிக்கெட் இல்லாத ஆளை நாலு பெட்டி தள்ளியே மோப்பம் பிடித்த மூக்கு அது.

"புரிஞ்சு போச்சு. நம்ம தண்ணியை யாரோ உறிஞ்சறாங்க."

"யாருங்க?"

"பேர் சொல்ல மாட்டேன். எதிர்வீடு."

அன்று சாயங்காலமே டீச்சர் வந்து மணி அடித்தாள். "சார், ஒரு நிமிஷம். தண்ணி விஷயமா ஒண்ணு கேட்கணும்..."

"எல்லாருக்கும் கஷ்டம்தான் டீச்சர்" என்று முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். திருடியதும் இல்லாமல் கடன் வேறு கேட்க வந்துவிட்டாளாம்! குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதையாக இருந்தது அவருக்கு. வியாழக்கிழமையும் அவள் வந்தாள். இவர் கதவையே திறக்கவில்லை.

அதற்குப் பதிலாக மாடிக்குப் போய்த் தொட்டி மூடிக்கு ஒரு பூட்டுப் போட்டார். திரும்பும்போதுதான் அடுத்த தொட்டி கண்ணில் பட்டது. அதற்கு மூடியே இல்லை. விளிம்பில் இரண்டு புறாக்கள் சொந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தன. எட்டிப் பார்த்தார். குமட்டிக்கொண்டு வந்தது.

"சீச்சீ! இப்படியும் ஜனங்க இருப்பாங்களா!"

வீட்டுக்கு ஓடி, பெரிய தாளில் கொட்டை எழுத்தில் எழுதி எடுத்து வந்து, அந்தத் தொட்டியின் நெஞ்சில் ஒட்டினார்: 'இந்தத் தொட்டிக்காரருக்கு வெட்கம், மானம் இருக்கிறதா? ஒரு மூடி வாங்கத் துப்பில்லாதவர்கள் எதற்குக் குடித்தனம் நடத்துகிறீர்கள்?'

"யார் தொட்டின்னு தெரியாம எதுக்குங்க வம்பு?" என்றாள் மனைவி.

"தெரிஞ்சா நேர்லயே போய்க் காறித் துப்பியிருப்பேனே!"

வெள்ளிக்கிழமை மாலை இறுதிப் பரிசோதனை. தன் தொட்டிக்கு அடியில் இருந்த வால்வைத் திருகி மூடிவிட்டு, பூனை மாதிரி இறங்கி வந்து எதிர்வீட்டுக் கதவில் காதை வைத்தார். உள்ளே அருவி நின்றது. "அய்யய்யோ, சோப்புப் போட்டிருக்கேனே!" என்று டீச்சர் அலறுவதும் கேட்டது.

"மாட்டிக்கிட்டாங்க! வால்வை மூடினேன், அவங்க வீட்டுல தண்ணி நின்னு போச்சு! இதைவிட என்ன ஆதாரம் வேணும்?"

மனைவி குழாயைத் திறந்து பார்த்தாள். "ஏங்க, நம்ம வீட்டுல வந்துட்டுத்தானே இருக்கு?"

"குழாய்க்குள்ள தேங்கினதுன்னு எத்தனை தடவைடி சொல்றது!"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவர் மகளுக்குப் போன் போட்டார். "திருடனைப் பிடிச்சாச்சு. நாளையிலேர்ந்து சுத்தமான தண்ணிதான். தைரியமா வாம்மா."

சனிக்கிழமை காலை. ஆறு வீட்டுக்காரர்களும் மொட்டை மாடியில் கூடியிருந்தார்கள். பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு மகளும் நின்றாள். பல் நிஜமாகவே முளைத்திருந்தது. அதைப் பார்த்ததில் பரிசோதகருக்கு வீரம் இரண்டு மடங்கானது. சொன்னபடி வந்த பிளம்பர், ஸ்பேனரும் கையுமாக ஓரத்தில் குனிந்து குழாய்களைத் தடவிக்கொண்டிருந்தான்.

"கைக்குழந்தை குடிக்கிற தண்ணி!" என்று ஆரம்பித்தார் பரிசோதகர். "அதைத் திருடினவங்க இந்தக் கூட்டத்துலயே இருக்காங்க. நான் வால்வை மூடின உடனே யார் வீட்டுல தண்ணி நின்னுச்சு? டீச்சர், நீங்களே சொல்லிடுங்க!"

டீச்சர் கண்களில் தண்ணீர் முட்டியது. "எங்க வீட்டுலதான் நின்னுச்சு. ஆனா நான் எதையும் திருடலை சார். இந்த வாரம் பூரா எங்க குழாய்ல தண்ணி பளிங்கு மாதிரி வந்துச்சு. யார் செஞ்ச புண்ணியம்னே தெரியலை. உங்களுக்குத் தெரியுமான்னு கேட்கத்தான் ரெண்டு தடவை கதவைத் தட்டினேன்."

"கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? ஒப்புதல் வாக்குமூலம்!" பரிசோதகர் கையைத் தட்டினார். "நான் கழுவி, நான் ரொப்பி, நான் பூட்டின தண்ணி! டேய் பிளம்பர், திருட்டுக் குழாய் எங்கேர்ந்து போகுதுன்னு காட்டுடா!"

பிளம்பர் நிமிர்ந்தான். பரிசோதகரைப் பார்த்தான். மகளின் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தான். தலையைச் சொறிந்துகொண்டான்.

"திருட்டுக் குழாய்னு எதுவும் இல்ல சார். இங்க தொட்டிங்களை அந்தக் கோடியில, மோட்டார் ரூம்லேர்ந்து எண்ணணும். நீங்க கழுவி, ரொப்பி, பூட்டினது டீச்சரோடது. உங்களுது, அதோ நோட்டீஸ் ஒட்டியிருக்கு பாருங்க, அது."