தாய்லாந்து மலையில் நான் கவிழ்த்த கூடை

நாடு விட்டு நாடு போய் அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விமானத்தில் போய் இறங்கி, அந்த ஊர்க்காரர்கள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு, அவர்களுடைய கூடையையே கவிழ்த்துத் திட்டு வாங்கியவள் இலங்கையில் எங்கள் கஹவத்தைப் பக்கத்தில் நான் ஒருத்திதான். இந்தக் கதையை ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். போன மாதம் ஒருத்தி, நான் அங்கே ஒரு பெண்ணை மலையிலிருந்து உருட்டிவிட்டதாகச் சொன்னாள். உருட்டவில்லை. நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

எனக்குக் கோபம் வரும். (பிறந்ததும் அழாமல் மருத்துவச்சியை முறைத்தேன் என்று அம்மா சொல்வார்.) அந்தக் கோபத்தால்தான் எனக்கு வேலை உயர்வே கிடைத்தது என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதுவரை பெண் கங்காணி கிடையாது. கொழுந்து எடுப்பது முழுக்கப் பெண்கள். பின்னால் நின்று "எடு, எடு" என்பது ஆண்கள். நான் இருபது வருஷம் கூடை சுமந்த பிறகு, ஒரு பெண்ணையும் போட்டுப் பார்க்கலாம் என்று தோட்டத்து மேனேஜர் துரை என்னைத் தற்காலிகக் கங்காணி ஆக்கினார். பொம்பளை பேச்சை யார் கேட்பார்கள் என்று ஆண் கங்காணிகள் சிரித்தார்கள். நான் அவர்களைவிடச் சத்தமாகக் கத்தினேன். இரண்டு இலை, ஒரு கொழுந்து. அதற்கு மேல் ஒரு முத்தின இலை கூடையில் தெரிந்தாலும் பிடுங்கி எறிவேன். ரொம்ப மோசமாக இருந்தால் கூடையையே கவிழ்ப்பேன். எட்டு மாதத்தில் எனக்கு நல்ல பெயரும் வந்தது, பேச ஆளும் இல்லாமல் போனது.

அந்த நேரத்தில் தோட்டப் பெண்களுக்காக வேலை செய்கிற ஒரு நிறுவனம், தாய்லாந்தின் வடக்கே ஒரு மலை மாவட்டத்தில் சனங்கள் தாங்களே எப்படித் தேயிலை வளர்க்கிறார்கள் என்று பார்த்து வர ஆள் கேட்டது. துரை என் பெயரைக் கொடுத்தார். நிறுவனத்திலிருந்து கூட வரும் அதிகாரி என்னைப் பற்றி நல்லபடி அறிக்கை எழுதினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் பழைய கூடை பழைய ஆணியில்தான் தொங்குகிறது என்றார். அவர் சிரிக்காமல் சொன்னார். கூடையின் பாரம் எனக்குப் பெரிதில்லை. திரும்பவும் அதைத் தூக்கிக்கொண்டு அந்த ஆண்களுக்கு முன்னால் நடந்து போவதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

பாஸ்போர்ட் எடுக்கவே நாலு மாதம். (நானே முன்னால் போய் நிற்கிறேன், பிறந்ததற்கு அத்தாட்சி கேட்கிறார்கள்.) போர் நிறுத்தக் காலம் என்பதால் விமான நிலையத்தில் என் தமிழ்ப் பெயரைப் பார்த்து அதிகம் கேள்வி கேட்கவில்லை. அதுவே பெரிய காரியம்.

நாங்கள் மூன்று பேர். அதிகாரி சிவஞானம் சேர், யாழ்ப்பாணத்துக்காரர், சந்தை நெரிசலில் விழுந்தாலும் கசங்காத மாதிரி ஸ்திரி போட்ட சேர்ட்டு, எதையும் குறித்துக்கொள்ள ஒரு டயரி. மற்றவள் குசுமா, குருவிட்டவில் அரை ஏக்கர் சொந்தத் தேயிலை வைத்திருந்த சிங்களப் பெண். அவளோடு நான் சிங்களத்தில் பேசுவேன், சேரோடு தமிழில் பேசுவேன், இரண்டு பேரோடும் சண்டை பிடிப்பேன்.

பாங்கொக்கிலிருந்து வான் வண்டியில் ஒரு முழுப் பகல் வடக்கே போனோம். மொழிபெயர்க்க நொய் என்ற இளம் பெண் வந்தாள். மலைப் பாதை தொடங்கியதும், பெல்மதுளை ரோட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு வளைவெல்லாம் பால் குடிக்கிற மாதிரி என்று எல்லோருக்கும் கேட்கிறபடி சொன்னேன். இருபதாவது வளைவு வரை அது உண்மை. இருபத்தொன்றாவதில் சேர் மடியில் வைத்திருந்த தொப்பி கையில் அகப்பட்டது. அதற்குப் பிறகு அந்தத் தொப்பியைப் பற்றி யாரும் பேசவில்லை. சேர் மட்டும் டயரியைத் திறந்து ஏதோ எழுதினார்.

அந்த மாவட்டம் மாதிரி ஓர் அமைதியை நான் பார்த்ததே இல்லை. ரோட்டில் வாகனம் இல்லை, ஹோர்ன் இல்லை, நாய்கூட யோசித்துத்தான் குரைத்தது. லயத்து வரிசை வீட்டில் பத்துக் குடும்பத்துச் சத்தத்தில் தூங்கிப் பழகிய எனக்கு, யாரோ செத்துவிட்ட வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. இப்படிப்பட்ட ஊரில் நாம் கொஞ்சம் மெதுவாகப் பேச வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

காலையில் மலையேறும் முன் சேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்கள் பாக்க மட்டும்தான் வந்தனீங்கள். அங்க ஒண்டும் கதைக்க வேண்டாம். சிரிச்சாக் காணும்."

வழியெல்லாம் சிரித்துப் பழகினேன். பல் வலி மாதிரி இருக்கிறது, நிறுத்து என்றாள் குசுமா.

தோட்டம் என்று அவர்கள் காட்டியது காடு. பெரிய மரங்களின் நிழலில் தேயிலை ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றது. கவாத்து வெட்டவே இல்லை. எங்கள் பக்கத்தில் கைவிட்ட மலைதான் அப்படி இருக்கும். நான் சிரித்தேன். அங்கே புவா என்று ஒருத்தி இலை எடுத்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான், நாற்பது இருக்கும். அந்த மரங்கள் அவளுடையவை. விரலில் மோதிரம் மாதிரி ஒன்று, அதில் சின்னதாக ஒரு பிளேடு. அவள் கொழுந்தைத் தொடவே இல்லை. முத்தின இலையாகப் பார்த்துப் பார்த்து எடுத்தாள். அதிலும் முழு இலை இல்லை. காம்புப் பக்கம் கொஞ்சத்தை மரத்திலேயே விட்டுவிட்டு மிச்சத்தை அறுத்து எடுத்தாள். சோற்றை வடித்துக் கொட்டிவிட்டுக் கஞ்சியைப் பத்திரப்படுத்துகிறவளைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

பத்து நிமிஷம் பொறுத்தேன். (இரண்டு நிமிஷம்கூட இல்லை என்பாள் குசுமா.)

"இது என்னா வேல? கொழுந்த விட்டுப்புட்டு கெழட்டு எலயப் பறிக்கிறா. எங்க மலையில இப்புடி எடுத்தா அரப் பேருதான் போடுவோம், சொல்லுங்க சேர் அவக்கிட்ட."

அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம். சேர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு நொய்யிடம் இங்கிலீஷில் மெல்ல ஏதோ சொன்னார். நொய் அதைத் தங்கள் மொழியில் இன்னும் மெல்லச் சொன்னாள். புவா என்னைப் பார்த்துச் சிரித்து ஒரு வெறுங்கூடையை நீட்டினாள்.

சேர் சொன்னது என்ன என்று பிறகுதான் தெரிந்தது. இவவுக்கு உங்கள் வேலை மிகவும் பிடித்திருக்கிறது, தானும் கொஞ்சம் எடுத்துப் பார்க்க ஆசைப்படுகிறா என்று சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர். சமாதானத்துக்காக ஒரு சின்னப் பொய்.

நான் என்ன நினைத்தேன்? தப்பை ஒத்துக்கொண்டாள், சரியாக எடுக்கிற விதத்தைக் காட்டச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இருபது வருஷப் பழக்கம் கையில் இருக்கிறது. இரண்டு இலை, ஒரு கொழுந்து, இரண்டு கையாலும் எடுத்தேன். எட்டிய கொப்பையெல்லாம் வளைத்து எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் நாலு மரத்தை மொட்டையடித்துவிட்டேன். பக்கத்து மரங்களில் நின்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தார்கள். பார்க்கட்டும், இப்படி ஒரு கையை இவர்கள் எங்கே பார்த்திருக்கப் போகிறார்கள் என்று இன்னும் வேகமாக எடுத்தேன்.

பாடம் சொல்லிக்கொடுத்தால் முழுசாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் இல்லையா? புவாவின் கூடை விடியற்காலையிலிருந்து எடுத்து நிரம்பிப் பக்கத்தில் இருந்தது. அதைத் தூக்கினேன். ஒரு முத்தின இலையை எடுத்து எல்லோருக்கும் காட்டினேன். "இது குப்ப" என்றேன். பிறகு எங்கள் மலையில் செய்கிற மாதிரியே சரிவில் கவிழ்த்துவிட்டேன்.

இலைகள் மெதுவாகப் பரவி இறங்கின. சரிவு பெரிய சரிவு.

புவா முதலில் சரிவைப் பார்த்தாள். பிறகு மொட்டை மரங்களைப் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள். அவள் மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் ஒன்று விடாமல் எல்லாம் புரிந்தது. இடது கை இடுப்பில், வலது கை விரல் என் மூக்குக்கு நேரே, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு வாக்கியம் முடியும் முன்னே அடுத்தது. அது நான் நிற்கிற நிலை. என் கை, என் கழுத்து. ஒரு வருஷமாக எங்கள் மலையில் பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றது இதைத்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பார்க்க நன்றாக இல்லை.

நொய் சேரின் காதில் சொல்லச் சொல்ல அவர் காது சிவந்தது. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"இது குடிக்கிற தேயிலை இல்லை. திங்கிற இலை. கட்டி, அவிச்சு, மாசக்கணக்கில புளிக்க வச்சுத் திண்ணுறவையாம். முத்தின இலைதான் வேணும். நீங்கள் கவிட்டது அவவின்ர காலமை வேலை. பிடுங்கினது அவவின்ர அடுத்த முறை வேலை."

நான் கையிலிருந்த கொழுந்தைப் பார்த்தேன். அவ்வளவு அழகான கொழுந்து. ஒருவருக்கும் வேண்டாத கொழுந்து.

பின்னேரத்துக்குள் அந்த இலை அவியப் போக வேண்டும். புவா சரிவைக் காட்டினாள். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. நான் இறங்கினேன். குசுமா இறங்கினாள், பாவம், அவள் ஒன்றும் செய்யவில்லை. நொய், வான் டிரைவர், கடைசியில் சேரும் சேர்ட்டுக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். குனிந்து ஒவ்வோர் இலையாகப் பொறுக்கினோம். புவா மேலே நின்று நாங்கள் கொண்டுபோனதைக் கொட்டிப் பார்த்தாள். கிழிந்ததை எடுத்துத் தூர வீசினாள். என் பங்கில் மூன்று தரம் வீசினாள். மூன்றாம் தரம் எனக்கு உச்சந்தலை சூடானது. நல்ல இலையைத்தான் வீசினாள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

"அக்கே, கட வஹகன்ன" என்று வாயை மூடச் சொன்னாள் பக்கத்தில் குனிந்திருந்த குசுமா. நான் வாயைத் திறக்கவே இல்லை. திறக்கப் போவது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பின்னேரம் இலை அடுப்பில் ஏறியது. புவா ஒரு பானையிலிருந்து போன வருஷத்து இலையை எடுத்தாள். உப்பும் ஒரு துண்டு இஞ்சியும் வைத்துச் சுருட்டி என்னிடம் நீட்டினாள். வாயில் போட்டேன். முதலில் புளிப்பு, பிறகு துவர்ப்பு, பிறகு நாக்கு என்னுடையதா என்று சந்தேகம். மெல்ல மெல்ல நன்றாகத்தான் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. இஞ்சியால்தான்.

"தெரியாம செஞ்சிட்டேங்க. மன்னிச்சிருங்க" என்றேன்.

சேர் மொழிபெயர்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சொல்லை என்னிடமிருந்து எந்த மொழியிலும் அவர் எதிர்பார்க்கவில்லை. புவா அவருக்காகக் காத்திருக்காமல் இன்னோர் இலையைச் சுருட்டி என் வாயிலேயே திணித்தாள். அது மன்னிப்பா, தண்டனையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பி வரும் வழியில் வானில் சேரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். (அவர் தொப்பி இல்லாத மடியைக் கையால் மூடிக்கொண்டார்.) அறிக்கையில் அந்தக் கூடை விஷயத்தை மட்டும் விட்டுவிட முடியாதா என்று கேட்டேன். இருபது வருஷத்தில் நான் ஒருவரிடம் கெஞ்சியது அதுதான் முதல் தரம்.

"நான் பொய் எழுத மாட்டன்" என்றார். "ஒருக்காப் பொய் சொன்னதுக்கே அரை நாள் இலை பொறுக்கினனான்."

எழுதினார். எல்லாவற்றையும் எழுதினார், மன்னிப்புக் கேட்டது உட்பட. துரை என்னை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு படித்தார். இரண்டாம் பக்கத்தில் கைலேஞ்சியை எடுத்து வாயை மூடிக்கொண்டார். பிறகு, நிரந்தரம் இப்போது இல்லை, இன்னும் ஆறு மாதம் பார்க்கிறேன், நீ கத்தினாய் என்று ஒரு புகார் வந்தாலும் கூடைதான் என்றார். அடுத்த அறையில் கணக்கப்பிள்ளை இருந்தார். அடுத்த நாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நான் போகும்போது தோட்டம் முழுக்கத் தெரிந்திருந்தது.

அந்த ஆறு மாதம் இருக்கிறதே. நான் கத்தக் கூடாது என்று ஒவ்வொருத்திக்கும் தெரியும். கூடையைக் குனிந்து பார்ப்பேன், உள்ளே முத்தின இலை. தூக்கிக் காட்டுவேன். அவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்காது.

"கங்காணியம்மா, அது திங்கிற எலைங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பேன். இரவில் தாடை வலிக்கும். நாலு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். குமாரி என்று ஒரு வாயாடி, அவள் கூடையில் கையளவு முத்தின இலை. நான் கேட்கும் முன்னே, திங்கிற இலை என்று சொல்லிவிட்டாள். வரிசை குலுங்கியது.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சத்தம் வரவில்லை. அது எப்படி என்று இன்றும் எனக்கு ஆச்சரியம்.

"அப்புடியா? அப்ப தின்னு" என்றேன்.

ஒரு இலையை அவளிடம் நீட்டினேன். இன்னொன்றை என் வாயில் போட்டு மென்றேன். புளிக்க வைக்காத பச்சை இலை. புவாவின் இலை இதற்கு முன்னால் பாயாசம். குமாரியும் விடுகிறவள் இல்லை, போட்டு மென்றாள். இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்று மாடு மாதிரி மென்றோம். கணக்கப்பிள்ளை தராசைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். குமாரிக்குக் கண் கலங்கியது, மூக்கு ஒழுகியது, கடைசியில் வெளியே ஓடிப் போய்த் துப்பினாள். நான் விழுங்கினேன். மடுவமே சிரித்தது. இந்தத் தரம் அவளைப் பார்த்து.

அதற்குப் பிறகு, திங்கிற இலை என்று சொன்னவள் தின்று காட்ட வேண்டும் என்பது எங்கள் மலையில் சட்டம் ஆகிவிட்டது. முத்தின இலை தானாகக் குறைந்தது. புகார் ஒன்றும் வரவில்லை. ஆறாம் மாதம் துரை கையெழுத்துப் போட்டார்.

வீட்டில்தான் எனக்கு விடுதலை இல்லை. நான் குரலை உயர்த்தினால் என் வீட்டுக்காரர் எதிர்த்துப் பேசுவதில்லை. எழுந்து வெளியே போய், லயத்துக்குப் பின்னால் உள்ள தேயிலைச் செடியில் ஒரு முத்தின இலையைப் பறித்து வந்து என் தட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். மகள் உப்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பாள்.

"இஞ்சி எங்கடி?" என்று நான் கத்துவேன்.