தரக்கட்டுப்பாட்டு மனேஜர் மேபல்

"நாளைக்கு முதலாளி நம்ம ஆபீஸைப் பார்க்க வர்றாராம்ங்க!" என்று லேப்டொப்பைப் பார்த்தபடியே அலறினாள் ஷாமலா.

முகத்தில் பாதிச் சவர நுரையோடு அவள் கணவன் டக்ளஸ் எட்டிப் பார்த்தான். "எந்த ஆபீஸை?"

"அதுதாங்க எனக்கும் தெரியல!"

அம்பிட்டியவில் அவர்கள் வீட்டில் சமையல் நடக்கிற குசினி மேசைதான் அந்த ஆபீஸ். ஷாமலா வேலை பார்த்த ஹோட்டலை இழுத்து மூடியபோது, கூட இருந்தவர்கள் குவைத்துக்கும் டுபாய்க்கும் பறந்தார்கள். மகளை விட்டுப் போக மனமில்லாமல் தவித்தவளின் கண்ணில் ஒரு விளம்பரம் பட்டது. டென்மார்க்கில் கம்பளித் தொப்பி விற்கும் லார்ஸ் என்பவருக்கு, வாடிக்கையாளர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுத ஆள் தேவை. ஆனால் ஆபீஸும் ஊழியர்களும் உள்ளவர்கள்தான் விண்ணப்பிக்கலாம்.

ஊழியர்கள்தானே? டக்ளஸைக் கணக்காளர் என்றும், மாமியார் மேபலைத் தரக்கட்டுப்பாட்டு மனேஜர் என்றும் எழுதி அனுப்பினாள். வேலை கிடைத்துவிட்டது.

நுவரெலியாக் குளிரையே தாங்காதவள், பனியில் நடக்கிறவர்களின் காதுகளுக்காகக் கவலைப்படத் தொடங்கினாள். தொப்பி இறுக்கம், சாயம் போகிறது என்று எரிந்து விழுகிறவர்களுக்கு, எடுத்த எடுப்பில் 'மன்னித்துக்கொள்ளுங்கள்' என்று எழுதினால் பாதிக் கோபம் ஆறிவிடும். அம்பிட்டியவோ டென்மார்க்கோ, மனுஷன் மனுஷன்தான். நேரில் கண்டிராத லார்ஸுக்காக ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் ஒரு மன்றாட்டு வைத்தாள்.

அந்த மனுஷர்தான் இப்போது பைனான்ஸ் டைரக்டரையும் கூட்டிக்கொண்டு வருகிறார்.

"உள்ளதைச் சொல்லிருவோமே," என்றான் டக்ளஸ்.

"சொன்னா வேலை போயிரும்ங்க."

கட்டுக்கலையில் ஒரு மாடியில் இருந்த சுரேஸ் மாஸ்டரின் டியூசன் வகுப்பு காலையில் சும்மா கிடக்கும். அதைக் கேட்டு வாங்கினார்கள். கரும்பலகையை ஒரு கலண்டரால் மறைத்தார்கள். கீழே ருஷ்தியின் கடையில் திருத்த வந்த கம்ப்யூட்டர்களை மேலே ஏற்றினார்கள்.

"இதுல ஒண்ணும் வேலை செய்யாது அக்கா," என்றான் ருஷ்தி.

"பரவாயில்ல தம்பி. எங்க ஆளுங்களும் அப்படித்தான்."

மேபலுக்குத்தான் உதறல். "எனக்கு இங்கிலீஷ் வராதே மகள்!"

"எது கேட்டாலும் யெஸ்னு சொல்லுங்க மாமி. விரல் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கணும்."

மறுநாள் காலையில் லார்ஸ் வாசலில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தார். கூடவே வெள்ளைத் தலைமுடியோடு ஓர் அம்மா. "எங்க பைனான்ஸ் டைரக்டர், மிஸிஸ் இங்கிரிட்," என்று ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்தினார். பெருநாள் சாரியில் மேபல், உயிரில்லாத கம்ப்யூட்டரில் மாதா கோயில் பாட்டுக்கு ஓகன் வாசிக்கிற வேகத்தில் தட்டிக்கொண்டிருந்தாள்.

லார்ஸ் அவளிடம் போய் நின்றார். "வேலை பிடிச்சிருக்கா?"

"யெஸ்."

"ஷாமலா நல்லா நடத்துறாங்களா?"

"யெஸ்."

"இல்ல, கொடுமைப்படுத்துறாங்களா?" என்று விளையாட்டாகக் கண் சிமிட்டினார்.

"யெஸ்!" என்றாள் மேபல், முன்னதைவிட உரக்க.

டக்ளஸ் பாய்ந்து வந்தான். "அம்மா... மனேஜர் மேடம் எப்பவும் தமாஷாத்தான் பேசுவாங்க சேர்."

அதற்குள் மாடிப்படி அதிர்ந்தது. சுரேஸ் மாஸ்டர் வகுப்பைக் காலைக்கு மாற்றியிருந்தார். இவர்களிடம் சொல்ல மறந்துவிட்டார். புத்தகப் பையோடு ஒரு கூட்டமே உள்ளே நுழைந்தது. முன்னால் நின்ற வெள்ளைக்காரரைக் கண்டதும் எல்லோரும் விறைத்து நின்று, "குட் மோர்னிங் சேர்!" என்று கோரஸாகக் கத்தினார்கள்.

"இவங்கெல்லாம் யாரு?"

"ட்ரெயினிங் எடுக்கிறவங்க சேர்," என்றான் டக்ளஸ். வாய் முந்திக்கொண்டுவிட்டது.

"இத்தனை பேரா!" லார்ஸின் முகம் வெளுத்தது. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு இங்கிரிட்டின் காதில் ஏதோ முணுமுணுத்தார். அந்த அம்மா மேபலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ருஷ்தி மூச்சிரைக்க வந்தான். "அக்கா, குறை நினைக்காதீங்க. இந்த மிஷின்ட சொந்தக்காரர் கீழ வந்து சத்தம் போடுறார்." வயரைப் பிடுங்கி, மேபலின் கம்ப்யூட்டரையும் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மேபல் சொன்ன சொல் தவறாதவள். வெறும் மேசையில் அவள் விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

ஷாமலாவுக்கு அதற்கு மேல் முடியவில்லை.

"சேர், இது ஆபீஸ் இல்ல. இவரு என் புருஷன். மனேஜர் என் மாமி. எல்லாம் எங்க குசினி மேசையில நான் ஒருத்தி பார்த்த வேலை. பொய் சொன்னது தப்புத்தான். ஆனா எழுதின பதில் ஒண்ணுகூடப் பொய்யில்ல சேர். நீங்க குடுத்த வேலையாலதான் நான் என் மகளைப் பிரியாம இந்த ஊர்லயே இருக்கேன். உங்களை நேர்ல கண்டா கையைப் பிடிச்சு நன்றி சொல்லணும்னு எத்தனையோ நாளா நினைச்சேன். இப்படியொரு கோலத்திலயா சொல்லணும்?"

லார்ஸ் தக்காளியாய்ச் சிவந்து கூரையைப் பார்த்தார். வேலை போனது போனதுதான் என்று ஷாமலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இங்கிரிட் ஒரு கதிரையை இழுத்து மேபலின் பக்கத்தில் உட்கார்ந்தார். இன்னும் ஓடிக்கொண்டிருந்த அந்த விரல்களைத் தன் கையால் மெல்லப் பொத்தி நிறுத்தினார்.

"எங்க தலைமையகமும் என் குசினி மேசைதான் மகள்," என்றார் சிரிப்பை அடக்க முடியாமல். "இந்த முதலாளி நான் பெத்த பிள்ளை, எங்க முழுக் கம்பெனிக்கும் இருக்கிற ஒரே ஊழியர் நீதான்!"