கம்பவுண்டர் அடித்த இலை

இரும்புப் பட்டறையில் ஆறாவதும் கடைசியுமான சனிக்கிழமை வகுப்பு முடிந்தபோது கம்பவுண்டரின் குறட்டில் சிக்கியிருந்தது இலை இல்லை. யாரோ மிதித்துவிட்டுப் போன டீஸ்பூன் மாதிரி ஏதோ ஒன்று.

பட்டறைக்காரர் அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். நல்ல மனிதர், யார் மனமும் நோகப் பேசமாட்டார்.

"இரும்பு வீணாகல. திரும்பக் காய்ச்சிக்கலாம்," என்றார்.

"இன்னிக்கு நான் வீட்டுக்கு எதையாவது கொண்டு போயே ஆகணும், சார்."

"ஏன்? கட்டாயமா?"

கட்டாயம்தான். இருபது வருடமாக மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற ஆள் அவர். எல்லோருக்கும் அவர் கம்பவுண்டர். அந்தக் கை அதுவரை பிடித்த பெரிய ஆயுதம் கத்தரிக்கோல். இரண்டு மாதத்துக்கு முன்னால் குளியலறைச் சுவரில் அவர் ஆணியடித்து வைத்த துண்டு மாட்டி, மாமியாரின் துண்டோடும் கை நிறையக் காரையோடும் பெயர்ந்து விழுந்தது. மாமியார் திட்டவில்லை. "மாப்பிள்ளைக்கு இதெல்லாம் பழக்கமில்ல, விடும்மா," என்று மகளிடம் மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூடக் கம்பவுண்டர் தாங்கியிருப்பார். ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, "மாட்டியை நானே இரும்புல அடிச்சுக் கொண்டு வர்றேன், பாருங்க," என்று வாயைக் கொடுத்துவிட்டார். ஆறு வாரமாக அந்த மாட்டிக்காக மூன்று பேரும் துண்டைக் கதவில் தொங்கவிட்டுக் காத்திருந்தார்கள்.

பட்டறை வாசலில் ஓர் அலமாரி. பட்டறைக்காரர் செய்தவையும், படிக்க வருகிறவர்கள் செய்ததில் தேறியவையும் அங்கே விற்பனைக்கு இருக்கும். நத்தை, ரோஜா, சாவி மாட்டுகிற சுருள், காம்பு கொக்கியாக வளைந்த இலைகள். கம்பவுண்டர் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். இலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, கடைசியில் ஒன்றை நீட்டினார்.

"இதுவா?" என்றார் பட்டறைக்காரர்.

"இதேதான்."

வீட்டில் மாமியார் அதை இரண்டு கையாலும் வாங்கினார். பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு மாதமாக இவர்களோடுதான் இருக்கிறார். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால் பகலெல்லாம் வீட்டில் தனியாள்.

"நீங்களா செஞ்சீங்க, மாப்பிள்ளை?"

"ஆமா அத்தை."

மாமியார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இலையைத் திருப்பினார். காம்பைத் தடவினார். நரம்பை நகத்தால் கீறிப் பார்த்தார். அடக்கமாகப் பேசிவிடுவதுதான் பாதுகாப்பு என்று கம்பவுண்டருக்குத் தோன்றியது.

"ஒண்ணும் பிரமாதமில்ல அத்தை. காம்பு கோணிக்கிச்சு. நரம்பெல்லாம் ஏனோதானோன்னு விழுந்திருக்கு."

"எங்க கோணியிருக்கு?" மாமியாரின் குரல் உயர்ந்தது. "காம்புன்னா அப்படித்தான் இருக்கும். செடியில பாத்ததில்லையா நீங்க? நரம்பும் நல்லாத்தான் இருக்கு."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் மாமியார் அவருக்காக வரிந்துகட்டிக்கொண்டு பேசியது இதுதான் முதல் தடவை. அதைக் கேட்கக் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"ஆமா, நரம்பை எதால போட்டீங்க?"

"கத்தியால."

"கத்தியாலயா?"

"உளி மாதிரி ஒரு கத்தி, அத்தை."

மனைவி அதற்குள் இலையைப் படமெடுத்துத் தன் அக்காவுக்கு அனுப்பிவிட்டாள். "அக்கா தனக்கும் ரெண்டு கேக்கிறா. இந்த வாரமே செஞ்சு தருவாருன்னு சொல்லிட்டேங்க."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மனைவி அவரைப் பார்த்த பார்வையில் ஒரு பெருமை இருந்தது. அதை அவர் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. மென்று விழுங்கிவிட்டார்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பட்டறைக்கு ஓடி இன்னும் இரண்டு இலைகள் வாங்கினார். இவை பட்டறைக்காரரே அடித்தவை. அச்சில் வார்த்த மாதிரி அவ்வளவு நேர்த்தி. இதைப் போய் நான் செய்தேன் என்றால் பூனைகூட நம்பாது. கொஞ்சம் கோணலாக்கலாம் என்று சாயங்காலம் வீட்டில் படுக்கையறைக் கதவிடுக்கில் ஒன்றைச் செருகி, தோளைக் கொடுத்து அழுத்தினார். இலை வளையவில்லை. கதவின் கீல் கழன்று வந்தது.

சத்தம் கேட்டு மாமியார் வந்து நின்றார்.

"என்னாச்சு மாப்பிள்ளை?"

"காத்து, அத்தை."

"ஜன்னல் சாத்தியிருக்கே."

மாமியாரின் பார்வை இலைகள் மேல் விழுந்தது. எடுத்துப் பார்த்தார். "இது வேற கை அடிச்ச மாதிரில்ல இருக்கு?"

"மத்தியானம் பட்டறைக்குப் போய் அடிச்சேன். என் கை தேறிடுச்சு, அத்தை. அந்த முதல் இலையை இப்பப் பாத்தா எனக்கே சிரிப்பு வருது."

மாமியார் சிரிக்கவில்லை. இலைகளைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் முழுக்கத் தலைவலி என்று அறையைவிட்டு வெளியே வரவில்லை.

சந்தேகம் வந்துவிட்டது என்று கம்பவுண்டர் நினைத்தார். உழைப்புக்கு ஓர் அத்தாட்சி இருந்தால் நல்லது. புதன்கிழமை கடையிலிருந்து கிளம்பும்போது கட்டைவிரலைச் சுற்றிப் பெரிய கட்டாகப் போட்டுக்கொண்டார்.

"இரும்பு சுட்டுடுச்சு," என்று மனைவியிடம் முனகினார்.

மாமியார் எழுந்து வந்தார். எத்தனையோ பிள்ளைகளின் முட்டிக்குக் கட்டுப் போட்டவர். விரலைப் பிடித்தார், விடவில்லை. கட்டு முழுவதும் அவிழ்ந்தது. உள்ளே விரல் அப்போதுதான் குளித்துவிட்டு வந்த குழந்தைபோல இருந்தது.

"அதுக்குள்ள ஆறிடுச்சே," என்றார்.

"எங்க கடை மருந்து, அத்தை."

மாமியார் கட்டுத்துணியை அழகாகச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தார். "சனிக்கிழமை நாங்களும் பட்டறைக்கு வர்றோம். நீங்க அடிக்கிறதைக் கண்ணால பாக்கணும்."

"வகுப்பு முடிஞ்சுபோச்சே, அத்தை."

"உலையை ஒரு மணி நேரத்துக்குத் தருவாங்களாம்," என்றாள் மனைவி. "அம்மா விசாரிச்சுட்டாங்க."

அதற்கப்புறம் இரண்டு நாள் கம்பவுண்டர் குளியலறைச் சுவரில் மாட்டியிருந்த இலைக்கு முதுகைக் காட்டியே துண்டை எடுத்தார். ஒரு பொய்யான ஆளின் துண்டு அந்த இலையில் தொங்குவதே அவருக்குப் பொறுக்கவில்லை. கடையில் இருமல் மருந்து கேட்டவருக்குக் கண்ணில் விடுகிற சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்து, அதற்கு வேறு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை உலை தயாராக எரிந்துகொண்டிருந்தது. பட்டறைக்காரர் பின்பக்கம் ஒரு கேட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். "ஆரம்பிங்க சார், வந்துடறேன்," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

மனைவி கைப்பேசியோடு படமெடுக்க நின்றாள். மாமியார் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பட்டறைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். கம்பவுண்டர் கம்பியை உலைக்குள் விட்டார். வியர்வை கண்ணில் இறங்கியது. அடுத்து என்ன என்று யோசித்தார். ஆறு வாரப் பாடமும் மறந்து போயிருந்தது.

"கம்பி வெளுத்துப் போச்சு, எடுங்க மாப்பிள்ளை. எடுத்துடுங்க," என்றார் மாமியார்.

எடுப்பதற்குள் பொறி பொறியாகப் பறந்தது. கம்பியின் நுனி கருகி, பொத்தென்று தரையில் விழுந்தது. கையில் மிச்சமிருந்ததை என்ன செய்வதென்று தெரியாமல் கம்பவுண்டர் அதைச் சுத்தியால் ஓர் அடி அடித்தார். அது குறட்டிலிருந்து நழுவிப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து சீறியது.

மனைவி கைப்பேசியைக் கீழே இறக்கினாள்.

கம்பவுண்டர் சுத்தியை வைத்தார். "எனக்கு இலை அடிக்கத் தெரியாது, அத்தை. வீட்டுல மாட்டியிருக்கிறது நான் செஞ்சதில்ல. இங்க வாங்கினது. அந்த ரெண்டும்கூட."

"ஒரு வாரமா என் ஆபீஸ் முழுக்கச் சொல்லி வச்சிருக்கேன்," என்றாள் மனைவி. கைப்பேசியில் எடுத்ததை அவர் கண்ணெதிரே அழித்தாள். அதுதான் அவரைக் கொன்றது. கூனிக்குறுகி, சுவரோரம் கிடந்த கரி மூட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றார். அந்த மூட்டைக்குள்ளேயே புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

மாமியாருக்குக் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. சொல்லப்போனால், அவர் முகத்தில் ஏதோ ஓர் ஆவல் இருந்தது.

"போகட்டும், விடுங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அலமாரியில அத்தனை இலை இருந்திருக்கும். எல்லாத்தையும் விட்டுட்டு ஏன் அதை எடுத்தீங்க?"

இனிமேல் வாழ்நாளில் பொய்யே சொல்வதில்லை என்று அந்த நிமிடத்தில் கம்பவுண்டர் முடிவு செய்தார்.

"இருந்ததுலயே அதுதான் அத்தை படுமோசமா இருந்துச்சு. நான் செஞ்சேன்னு சொன்னா நம்புவீங்கன்னு எடுத்தேன்."

சொன்னதும் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். மாமியாரின் முகம் உலையைவிடச் சிவந்திருந்தது. உண்மைக்கு எதற்காக இவ்வளவு கோபம் என்று அவருக்கு விளங்கவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வார நாட்களில் வகுப்பெடுக்கிற பட்டறைக்காரரின் தங்கை பையும் கையுமாக உள்ளே வந்தாள். கம்பவுண்டரை அவளுக்குத் தெரியாது. அவரைத் தாண்டிக்கொண்டு நேராக மாமியாரிடம் போனாள்.

"போன செவ்வாய்க்கிழமை ஏம்மா வகுப்புக்கு வரல? உங்களுக்கு ஒரு நல்ல சேதி வச்சிருந்தேன். நீங்க அடிச்ச முதல் இலை வித்துப் போச்சு, யாரோ ஒருத்தர் அலமாரி முழுக்க அலசிப் பாத்துட்டு, இதேதான் வேணும்னு வாங்கிட்டுப் போனாராம்."